புடுங்கினவங்க உட்காரணும்

என் அருமைத் தம்பி மனோகருக்கு,

நீ போன இடத்தில் ஒயர் உண்டா? இருந்தால் இந்நேரம் நாலைந்தைப் பிடுங்கியிருப்பாய். தாம்பரம் காலேஜில் நீயும் நானும் சேர்ந்து பாடம் நடத்திய, சர்க்யூட் போர்டும் ஒயருமாகக் கிடக்கும் எம்பெடட் லேப் இன்னும் இருக்கிறது. அப்படி எழுதப் போன வாரம்வரை எனக்குத் தைரியமில்லை.

நீ கண்ணை மூடியதும் பிரின்சிபால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "போர்டு புகையுது, பிள்ளைங்க கையச் சுட்டுக்கிறாங்க. இனிமே எல்லாத்தையும் கம்ப்யூட்டர்லயே செஞ்சு பாக்கட்டும் மேடம். இந்த ரூமை செமினார் ஹால் ஆக்கிடலாம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளைகளின் ஒரே ஒரு ப்ராஜெக்ட் ரிவியூவுக்கு வந்து பாருங்கள், அப்புறம் பூட்டுங்கள் என்று சவால் விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். நீ பக்கத்தில் இருக்கும் தைரியத்திலேயே சவால் விட்டுப் பழகியவள் அல்லவா நான்?

உன் ரிவியூ என்றால் பையன்கள் விபூதி பூசிக்கொண்டு வருவார்கள். ஓடிக்கொண்டிருக்கிற ப்ராஜெக்டில் ஒரு ஒயரைப் பிடுங்கிவிட்டு, "இப்ப ஓட வை பாக்கலாம்" என்பாய். கடையில் ரெடிமேடாக வாங்கி வந்தவன் அங்கேயே மாட்டிக்கொள்வான். ஆனால் உனக்கும் ஒரு சட்டம் வைத்திருந்தாய்: பிடுங்கியவர், அது சரியாகும்வரை பக்கத்திலேயே வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். அதனாலேயே உன் மதியச் சாப்பாடு எத்தனை நாள் ஆறிப்போயிருக்கும்!

அனகாபுத்தூர் அஸ்வினி ஞாபகமிருக்கிறதா? முதல் நாளே போர்டைப் புகைய வைத்தவள். ஆற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்தால் அலறுகிற அலாரம் செய்திருந்தாள். ரிவியூ அன்று பிரின்சிபால் முன்னால் வாளித் தண்ணீரில் சென்சாரை விட்டாள், அலறியது. எடுத்தாள், நின்றது. பிரின்சிபால் அசரவில்லை. "இது பல்லாவரம் சந்தையிலயே கிடைக்குமேம்மா" என்றபடி ப்ரொஜெக்டரில் தன் செமினார் ஹால் படத்தைப் போட்டார். பெண்ணின் முகம் சுண்டிவிட்டது.

வந்த கோபத்தில் உன் வேலையை நான் கையிலெடுத்தேன். குனிந்து, கைக்குச் சிக்கிய ஒயரைப் பிடுங்கினேன். அட கஷ்டமே! அது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒயர். கம்ப்யூட்டர், ப்ரொஜெக்டர், செமினார் ஹால் எல்லாம் போயே போச்சு. பதற்றத்தில் அஸ்வினி சென்சாரை வாளிக்குள் தவறவிட, அலாரம் மட்டும் ஊரைக் கூட்டியது.

"கரண்ட் இல்லாம எப்படிம்மா அடிக்குது?" காதைப் பொத்திக்கொண்டு கத்தினார் பிரின்சிபால்.

"மழை வந்தா எங்க ஏரியால மொதல்ல கரண்ட்டதான் சார் கட் பண்ணுவாங்க. அதான் பேட்டரி வெச்சேன்."

"சரி சரி, ஆஃப் பண்ணு!"

"சுவிட்ச் வெக்கல சார். வெச்சா எங்கப்பா ஆஃப் பண்ணிட்டுத் திரும்பப் படுத்துக்குவாரு."

அவள் வாளிக்குள் சென்சாரைத் துழாவி எடுப்பதற்குள், பொறுக்க மாட்டாமல் மனுஷன் போர்டில் கையை வைத்து ஒரு ஒயரைப் பிடுங்கிவிட்டார். சத்தம் நின்றது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தார். அஸ்வினி விடுவாளா?

"சார், புடுங்கினவங்க உட்காரணும். மனோகர் சார் ரூலு."

உட்கார்ந்துவிட்டார்டா! வாயைத் திறக்கவில்லை. அவள் ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்து, விட்டுப்போனதைக் கண்டுபிடித்துச் சொருகினாள். அலாரம் மறுபடி அலறியது. முதலில் கைதட்டியது அவர்தான். "ஹாலுக்கு வேற ரூம் பாத்துக்கறேன் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனபிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அவர் உட்கார்ந்தது உன் ஸ்டூல். நீ போனதிலிருந்து அதில் யாரையும் நான் உட்கார விட்டதில்லை. சட்டம் போட்டவனே பாதியில் எழுந்து போகலாமா மனோகர்?

அடுத்த ரிவியூவிலிருந்து அந்த ஸ்டூலில் நான் உட்காருகிறேன். ஒயரைப் பிடுங்குவேன், எது எந்த ஒயர் என்று பார்த்துவிட்டு. பிள்ளைகள் சரிசெய்து முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன். இது சத்தியம்.

வாயை மூடிக்கொண்டு உட்கார மட்டும் இன்னும் பழகாத,
உன் அக்கா,
வசந்தி