ஓடைக்கரையில் நம் லில்லி

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலமாகத்தான் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் தேவலை, சுவரைப் பிடிக்காமல் கொல்லைக் கதவு வரை நடக்கிறாள். எனக்குத்தான் கொஞ்ச நாளாக அசதி. எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் இந்தக் கடிதத்தை இரண்டு முறை கிழித்துவிட்டேன்.

ஆறு வருடத்துக்கு முன் நீ அந்த ஊரிலிருந்து பெட்டியில் துணிக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்த நான்கு லில்லிக் கிழங்குகளை அம்மா சமையலறை ஜன்னலுக்கு எதிரே நட்டாளே, அவை பெருகிக்கொண்டே இருந்தன. பாத்தி நெருக்கமாகிவிடக் கூடாதென்று வருடந்தோறும் பூ முடிந்ததும் உபரிக் கிழங்குகளைத் தோண்டி, பின்மதிலுக்கு அப்பால் ஓடைச் சரிவில் கொட்டினேன். மட்கிவிடும் என்று நினைத்தேன். என் வழக்கப்படி தேதியும் எண்ணிக்கையும் நாட்குறிப்பில் எழுதியும் வைத்தேன். அவை மட்கவில்லை. மழைவெள்ளத்தில் உருண்டுபோய், இப்போது பாலம் வரை இரு கரையிலும் அந்த வெள்ளைப் பூதான். முன்பிருந்த கோரையைக் காணோம்.

போன மாதம் வனத்துறைப் பெண் அதிகாரி ஒருவர் ஆட்களோடு வந்து, ஓடையின் சொந்தச் செடிகளை இது அழிக்கிறதென்று கிழங்குகளைத் தோண்டத் தொடங்கினார். படித்தவராயிற்றே என்று, எத்தனை மூட்டை போகிறதென எழுதும் நோட்டை என்னிடமே கொடுத்துவிட்டார். "எந்தப் புண்ணியவான் கொட்டினானோ" என்று ஆட்கள் திட்டத் திட்ட, நான் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று வாரம். சோறு இறங்கவில்லை. அம்மாதான், "போய்ச் சொல்லிட்டு வாங்களேன், தூக்குலயா போடப் போறாங்க" என்றாள். நாட்குறிப்போடு போய்ச் சொன்னேன். அதிகாரி அதைப் புரட்டிவிட்டு, "உங்க மதில் மேல அதே பூ எட்டிப் பாக்குதே ஐயா. நீங்களா வந்து சொல்வீங்கன்னுதான் நோட்டைக் கொடுத்தேன்" என்றார். அவர் கோபித்திருந்தால்கூடத் தேவலை. வீட்டுப் பாத்தியையும் கிழங்கோடு எடுத்தால்தான் ஓடை பிழைக்கும் என்றார். சரி என்று வந்துவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னதும், "ஒண்ணே ஒண்ணு தொட்டியில வச்சுக்கலாமா" என்றாள். நான் வாய் திறப்பதற்குள், "வேணாம், எடுத்துடுங்க. அவ வந்து நிக்கிற மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான்" என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் சரியாகத்தான் செய்கிறேனா, தெரியவில்லை. உன் மேல் தவறில்லை, மனதைக் குழப்பிக்கொள்ளாதே. இனி வரும்போது விதை, கிழங்கு எதுவும் வேண்டாம். வேளைக்குச் சாப்பிடு.

உங்கள் மூவருக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அடுத்த மாதம் முதல் ஞாயிறு, இங்கே காலை பத்து மணிக்குத் தோண்டப் போகிறேன். அந்த ஒரு மணி நேரம் அம்மாவுக்குப் போன் செய்து பேசிக்கொண்டிரு. வாசல் பக்கத்து அறையில் உட்கார்ந்து பேசச் சொல்.

என்றும் உன்,
அப்பா