கொதித்த மெடல்

அஞ்சுகிராமம்,
1934 மே

கர்த்தருக்குள் பிரியமான மகன் யேசுரத்தினத்துக்கு, கீழத்தெருவின் சகல தென்னைகளுக்கும் காக்கைகளுக்கும் ஏகசக்கரவர்த்தியாகிய உன் சித்தப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவால் நானும் உன் சித்தியும் உயிரோடிருக்கிறோம், கொழும்பில் நீயும் சுகமாயிருக்க இரண்டு பேருமே ஜெபிக்கிறோம், என் ஜெபம் தூத்துக்குடி தாண்டாது, அவளுடையது உன்னிடம் வந்து சேரும்.

வாந்திபேதிக் காலத்தில் வீடு வீடாகப் போய்ப் பார்த்ததற்கும், பனையிலிருந்து விழுந்தவர்களுக்கு மூங்கில் பத்தை வைத்து எலும்பு கட்டியதற்கும் நாகர்கோவிலில் முதலுதவிச் சங்கத்தார் உன் சித்திக்கு வெள்ளி மெடல் கொடுத்ததை முன்பே எழுதியிருந்தேன். துரைசானி அதை அவள் சேலையில் குத்தினபோது எழுந்த கைதட்டலில் மருங்கூர் மலை நாலு விரற்கடை நகர்ந்தது. அன்று ராத்திரி மெடலின் வெளிச்சம் போதுமென்று தெருவில் யாரும் விளக்கேற்றவில்லை, மண்ணெண்ணெய்க் கடைக்காரன் என்மேல் வழக்குப் போடப்போவதாகக் கேள்வி. ஆனால் மக்கா, அதற்கப்புறம் நடந்ததை என்னாலும் பெருக்கிச் சொல்ல முடியவில்லை.

மேலை வீட்டுச் செல்லத்தாய் மெடலைப் பார்க்க வாங்கிப்போனவள், அதைத் தண்ணீரில் முக்கி, வயிற்றுவலியென்று கிடந்த மாமியாருக்குக் குடிக்கக் கொடுத்தாள், கிழவிக்கு வாயு கலைந்துவிட்டது. அன்றிலிருந்து மெடல் ஒரு செம்புக்குள் உட்கார்ந்து வீடு வீடாகப் போக ஆரம்பித்தது, செம்பில் இருந்தது குளத்துத் தண்ணீர். இந்தக் கோடையில் வாந்திபேதி திரும்ப வந்தபோது சித்தியைக் கூப்பிட ஆளில்லை, மெடலைக் கேட்கத்தான் ஆள் வந்தது. அவள் அதை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டு, நோய் குளத்துத் தண்ணீரில்தான் இருக்கிறது, கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று வாசல்தோறும் சொல்லிப் பார்த்தாள். வரத்தைப் பூட்டிவைத்த பாவி என்று பேர் வாங்கினதுதான் மிச்சம். நான் உபதேசியாரிடம் போய் முறையிட்டேன், அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தம் வீட்டுக்கும் ஒரு செம்பு வேண்டுமென்றார்.

அப்போதுதான் செல்லத்தாயின் மகள் தாணம்மாளுக்கு நோய் கண்டது. போன தடவை நீ வந்தபோது உன் தொப்பியை மாட்டிக்கொண்டு ஓடினாளே, அந்தக் குட்டிதான். செல்லத்தாய் நம் வாசலில் வந்து நின்று, "மைனி, நீ வரண்டாம். அத மட்டும் தா" என்றாள். சித்தி பெட்டியைத் திறந்தாள். மெடலை எடுத்துக்கொண்டு அவள் கூடவே போய், அவர்கள் அடுப்பில் பானையை ஏற்றி, மெடலைத் தண்ணீருக்குள் போட்டுக் கொதிகொதியென்று கொதிக்கவைத்தாள். அந்தத் தண்ணீரிலேயே உப்புக்கஞ்சி காய்ச்சிக் கரண்டியால் ஊட்டினாள். மெடல் போன பானையென்று அந்த வீட்டார் மறுக்காமல் அதையே குடித்தார்கள். நான் விறகு சுமந்தேன், வேறென்ன தெரியும் எனக்கு. பிள்ளை ஏற்கெனவே வற்றிப்போயிருந்தாள். விடியும்போது போய்விட்டாள்.

அந்த வீட்டில் வேறு யாருக்கும் நோய் வரவில்லை, அதை யாரும் கவனிக்கவில்லை. கொதிக்கவைத்ததில் மெடலின் சக்தி வெந்துபோயிற்று, அதனால்தான் பிள்ளை செத்தாள் என்று தெரு முழுக்கப் பேச்சு. மெடலும் கறுத்துத்தான் போயிருக்கிறது. செல்லத்தாய் சித்தியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இப்போது சித்தியை எந்த அடுப்படியிலும் விடுவதில்லை, குளத்துத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். நேற்று தெருக்காரர்கள் கூடி என்னிடம் வந்து, கொழும்பிலிருக்கிற மகனுக்கு எழுதி அடுப்பேறாத மெடல் ஒன்று வரவழைக்கச் சொன்னார்கள். சித்தியிடம் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைக்காமலே, "எழுதுங்க. வரட்டு, அதையும் கொதிக்க வைப்பேன்" என்றாள்.

ஆகவே மக்கா, ஒரு மெடல் வாங்கி அனுப்பு. ஓட்டப்பந்தயத்து மெடலானாலும் சரி, நாய்க்குக் கொடுத்த மெடலானாலும் சரி, பளபளப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போக மறக்காதே, வெயிலில் அலையாதே. கர்த்தர் உன்னைக் கண்மணிபோல் காக்கட்டும். மெடலைச் சீக்கிரம் அனுப்பு, இன்று காலை வடக்கு வீட்டில் இரண்டு பேர் படுத்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
வேறு வழியறியாத உன் சித்தப்பா
தங்கையன்