இரண்டாம் முறை அழுத்த வேண்டிய பொத்தான்

கோவில்பட்டி
ஆவணி 12

அன்பு மகள் அமுதவள்ளிக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகனும் பேரனும் அந்தக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே நானும் இருக்கிறேன், எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன். போனில் நான் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் சரிம்மா, பழகிடும்மா என்று சொல்லி வைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், இதில் நீ குறுக்கே பேச முடியாது.

மெல்போர்னிலிருந்து நீ அனுப்பிய ரெக்கார்டர் வந்து ஆறு வாரமாகிறது. மகள் வாங்கித் தந்த உயர்ந்த பொருளைக் குறை சொல்லக்கூடாது என்று பொறுத்திருந்தேன், இப்போது இதைவிட வசதிகள் கூடிய இன்னொன்றை அனுப்பட்டுமா என்கிறாய். வேண்டாம். இசக்கிச்செல்வியைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன், நாகலாபுரத்துப் பெண், பிறவியிலேயே பார்வை இல்லை, புதியம்புத்தூரில் சட்டை தைக்கும் இடத்தில் மடித்து அடுக்கும் வேலை. கை சட்டையை மடிக்கும், காது நான் வாசித்துப் பதிந்த பாடத்தைக் கேட்கும், அப்படித்தான் அரசு வேலைப் பரீட்சைக்குப் படிக்கிறாள். பரீட்சைக்கு ஏழு வாரம்தான் இருக்கிறது. வரலாற்றுப் புத்தகத்தில் பதினாறு பாடம், இதுவரை முடிந்தது எட்டு. போனில் தானாக வாசிக்கும் குரல் ஊர்ப் பெயர்களையும் ஆண்டுகளையும் கடித்துத் துப்புகிறது, அதை நம்பி ஒரு பெண்ணைப் பரீட்சைக்கு அனுப்ப முடியாது.

நியாயமாகச் சொல்வதென்றால் இந்த ரெக்கார்டரின் ஒலி சுத்தமானது. அப்பா வாங்கிய பழையதில் இரைச்சல் அதிகம், தையல் மெஷின்களுக்கு நடுவே அவளுக்குப் பாதி கேட்காது. ஆனால் பழையது நாகலாபுரம் காட்டில் ஈரக் கரிசலில் விழுந்தபோது அப்பா வேட்டியில் துடைத்துவிட்டு அப்படியே பேசினார், அதுவும் பதிந்தது. இரண்டு பேட்டரியைப் பெட்டிக்கடையில் வாங்கிப் போட்டால் போதும். உன்னுடையதில் பேட்டரியைக் கழற்றவே முடியாது, மின்சாரம் போகும் நாளில் அது வெறும் கல். மேலே பூசியிருந்த ரப்பர் இந்த வெயிலுக்கு இளகி வெல்லப்பாகு போலக் கையில் ஒட்டுகிறது, மெமரி கார்டு போடும் வாய்க்கு ஒரு மூடி இருந்தது, மூன்றாம் வாரமே கையோடு வந்துவிட்டது, அந்த வழியாக மேல்காற்றுப் புழுதி எல்லாம் உள்ளே போகிறது. திரையைத் தொட்டால் என் காய்ந்த விரலை அது மதிப்பதில்லை, ஒவ்வொரு முறையும் விரலை நனைத்துத் துடைத்துத் தொட வேண்டியிருக்கிறது. நான்கு மைக்கை ஒரே நேரத்தில் மாட்டலாமாம், எனக்கு இருப்பது ஒரு வாய். இதைச் செய்தவர்கள் குளிர்சாதன அறையைத் தாண்டி வெளியே வந்திருக்க மாட்டார்கள்.

முதல் நான்கு பாடம் பழையதில் பதிந்தது, உன்னுடையதில் முதலில் தொடங்கிய ஐந்தாம் பாடத்துக்கு ஜன்னலை அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, வேர்வை சொட்டச் சொட்ட ஐம்பது நிமிடம் வாசித்தேன். படிக்கிற காலத்தில் கன்னியாஸ்திரிகள் முன்னால் எழுந்து நின்று வாசித்துப் பழகியவள், ஒரு காற்புள்ளியைக்கூட விழுங்க மாட்டேன் என்று உனக்கே தெரியும். திரையில் பச்சைக் கோடுகள் என் குரலுக்கு ஏற்றபடி துள்ளின, பதிகிறது என்றுதானே யாரும் நினைப்பார்கள். கடைசியில் போட்டுக் கேட்டால் ஒரு எழுத்துக்கூட இல்லை. பஜாரில் மைக்செட் வாடகைக்கு விடும் சக்திகுமாரிடம் எடுத்துப் போனேன். அவன் சிரிக்கிறான். ஆச்சி, மொதத் தடவ அமுக்குனா தயாரா இருக்கேங்கும், ரெண்டாந்தடவ அமுக்குனாத்தான் பதியும், இந்த நம்பர் ஓடுதான்னு பாக்கண்டாமா, பச்சக் கோட்ட நம்பி ஏமாந்துட்டியளே, கல்யாண மேளத்தையே பதியுத மெஷின வச்சிக்கிட்டுப் பாடமா வாசிக்கிய என்றான். அவனுக்கு நான் எப்போது ஆச்சியானேன் என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அந்தப் பாடத்தை மறுபடியும் முதலிலிருந்து வாசித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை இசக்கிச்செல்வி வழக்கம்போல கார்டு வாங்க வந்தாள். நன்றி சொல்லுவாள் என்று பார்த்தால், அம்மா, அஞ்சாம் பாடத்துலருந்து வரிக்கு வரி உங்களுக்கு மூச்சு வாங்குது, எட்டாம் பாடத்துல விசில் மாதிரி கேக்கு, ஆஸ்பத்திரிக்குப் போனியளா என்று கேட்டாள். அது மெஷின் சத்தம், தேவையில்லாததை எல்லாம் பதிகிறது என்றேன். மெஷின் சத்தம் எனக்குத் தெரியாதாம்மா, நாள் பூரா அதுக்கு நடுவுலதான இருக்கேன், பழைய ரெக்கார்டர்ல இரைச்சல் மூடிட்டு, எத்தன நாளா இருக்கோ என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது, காப்பி கூடக் கொடுக்கவில்லை. மறுநாள் போய்க் காட்டினேன். டாக்டர் குழாயை மார்பில் வைத்துக் கேட்டு, வாயில் வைத்து மூச்சோடு இழுக்கிற மருந்து கொடுத்து, ஒரு நாளைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் சத்தமாக வாசிக்கக் கூடாது என்றுவிட்டார். பயப்பட ஒன்றும் இல்லையாம். நீ உடனே டிக்கெட் பார்க்காதே, நான் படுத்துக்கொண்டு இதை எழுதவில்லை, மேசையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன், பத்துப் பத்து நிமிடமாக வாசித்தால் எட்டுப் பாடம் ஏழு வாரத்தில் முடிந்தாலும் அவள் திருப்பிக் கேட்க நாள் இருக்காது. அதனால் கேட்கிறேன், நான் உன்னிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. பேரனின் வயலின் வகுப்புக்கு இதே ரெக்கார்டர் ஒன்று வாங்கியதாகச் சொன்னாய். ஒன்பதிலிருந்து பதினாறு வரை நீ வாசித்து அனுப்பு. இந்தக் கடிதத்தையும் புத்தகப் பக்கங்களையும் போனில் படம் எடுத்து சக்திகுமார் இன்றைக்கே உனக்கு அனுப்பிவிடுவான். உனக்கு ஆபீஸ் வேலை இருக்கிறது என்று தெரியும், ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும். பள்ளிக்கூடத்தில் உன்னை மேடையேற்றி வாசிக்க வைத்தது நான், அந்தக் குரல் எங்கேயும் போயிருக்காது. வேகமாக வாசிக்காதே, அவள் கேட்டுக்கொண்டே சட்டை மடிக்க வேண்டும். ஆண்டு வரும் இடத்தில் இரண்டு முறை சொல். இசக்கிச்செல்வியிடம் இன்னும் சொல்லவில்லை, நீ சரி என்றபிறகு சொல்கிறேன், இந்த ஞாயிறு அவளுக்குக் காப்பி கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை.

பேரன் நன்றாகப் படிக்கட்டும், மருமகன் உடல்நலத்தோடு இருக்கட்டும், நீங்கள் மூவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீடு வாழ வேண்டும். ஒன்பதாம் பாடத்தைத் தொடங்கும்போது பொத்தானை இரண்டாம் முறையும் அழுத்து, பச்சைக் கோட்டைப் பார்க்காதே, எண் ஓடுகிறதா என்று பார்.

இப்படிக்கு
உன் அம்மா
சு. ஜானகியம்மாள்