டீயில் தொட்ட ஸ்கோன்

சேலையூர்,
செவ்வாய்க்கிழமை

குன்னூரில் இருக்கும் சம்பந்தியம்மா யூனிஸ் டீச்சர் அவர்களுக்கு, துரையின் அம்மா எல்லம்மா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருக்கிறோம். அங்கே நீங்களும், உங்கள் முட்டி வலியும், அந்தக் கறுப்பு நாயும் சுகம்தானே.

நான் அஞ்சாங்கிளாஸோடு நின்றவள். பிழை இருந்தால் சிவப்பு மையில் சுழித்து வையுங்கள், எனக்கு வருத்தமில்லை. போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று நினைப்பீர்கள். போன் பண்ணினால் நீங்கள் எடுப்பதில்லை. துரை பேர் வந்தாலும் கட், உங்கள் மகள் ஜோசலின் பேர் வந்தாலும் கட். கடுதாசியைக் கட் பண்ண முடியாது. கிழிக்கலாம். ஆனால் கிழிக்கிறதுக்கு முன்னால் நாலு வரி படித்துவிடுவீர்கள், டீச்சராக இருந்த பழக்கம் விடாது.

ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் ஸ்கோன் என்று ஒரு வெள்ளைக்காரப் பலகாரம் செய்வீர்களே, அதை எப்படிச் செய்வது?

உங்கள் மகளுக்குக் கொஞ்ச நாளாக உடம்பு சுகமில்லை. வேலைக்குப் போகவில்லை, படுத்தே இருக்கிறாள். வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை. கடுகு தாளிக்கிற வாசனை வந்தாலே குமட்டுகிறது. ரசம் வைத்தேன், கஞ்சி வைத்தேன், இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால் எடுத்தேன். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. என்னதாண்டி வேண்டும் உனக்கு என்று கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டே, அம்மா செய்கிற ஸ்கோன் வேணும் போல இருக்கு அத்தை என்றாள். உடனே, வேண்டாம் வேண்டாம், சும்மா சொன்னேன் என்றாள். சும்மா சொல்கிறவள் இல்லை அவள்.

எங்களிடம் உங்கள் வீட்டில் இருக்கிற மாதிரி ரொட்டி சுடுகிற ஓவன் கிடையாது. அவள் ஆபீஸ் பிள்ளைகள் கிரகப்பிரவேசத்துக்குக் கொடுத்த ஏர் பிரையர்தான் இருக்கிறது. எனக்கு அதைக் கண்டால் ஆகாது. உளுந்து வடை மாவை நம்பி அதில் வைத்தேன், பிஸ்கோத்து மாதிரி எடுத்துக் கொடுத்தது. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. இருந்தாலும் வாசனை வெளியே அடிக்காது, புகை வராது, ஜோசலின் படுத்திருக்கிற ரூம் வரைக்கும் எதுவும் எட்டாது என்பதால் துடைத்து எடுத்தேன். போனில் ஒரு வெள்ளைக்காரி செய்து காட்டினாள். அவள் பாஷை எனக்குப் புரியாது, கையைப் பார்த்துச் செய்தேன்.

முதல் தடவை அடியில் போட்ட காகிதம் காற்றில் பறந்து மேலே கம்பியில் ஒட்டிக் கருகிவிட்டது. பேஜாராகிவிட்டது. இரண்டாம் தடவை காகிதம் இல்லாமல் வைத்தேன். மாவை நன்றாக அடித்துப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி ஊற வைத்து, தேய்த்து, டம்ளரை அழுத்தித் திருகித் திருகி வட்டம் வட்டமாக வெட்டி, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் தள்ளித் தள்ளி அடுக்கினேன். நாற்பது வருஷமாகச் சப்பாத்தி போட்ட கை, ஒரு குறையும் வைக்கவில்லை. வெளியே வந்தது பாருங்கள், கை தவறிக் கீழே போட்டிருந்தால் டைல்ஸ் உடைந்திருக்கும். கீழ் வீட்டு அபிதகுஜாம்பாள் மாமிக்கு ஒன்று கொடுத்தேன். முட்டை போட்டியோ என்று கேட்டாள். இல்லை என்றேன். ஒரு கடி கடித்துவிட்டு, இது எந்த சாமிக்குப் பிரசாதம் எல்லம்மா என்றாள். என் பெரிய இட்லிக் குண்டானை வாங்கிப் போய் மூன்று பொங்கல் ஆகிறது, அதைத் திருப்பிக் கொடுக்க வக்கில்லை, வாயைப் பாருங்கள்.

ஜோசலின் ஒன்றைக் கையில் எடுத்தாள். நல்லா இருக்கு அத்தை என்று சொல்லிக் கடிக்காமலே வைத்துவிட்டாள். எனக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் உங்களிடம் கேட்கும்படி ஆகிவிட்டது.

உங்களிடம் கேட்க எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம், உங்கள் வீட்டுக் கண்ணாடி வராந்தாவில், பூப்போட்ட பீங்கான் தட்டில் ஸ்கோன் வைத்தீர்கள். நீங்கள் கட்டியிருந்தது மாம்பழக் கலரில் பச்சைக் கரை. நான் பன் மாதிரி இருக்கிறதே என்று டீயில் தொட்டுச் சாப்பிட்டேன். அதை டீயில் தொடக் கூடாது, அப்படியெல்லாம் சாப்பிட மாட்டாங்க என்று எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தீர்கள். உங்கள் தங்கச்சியும் சிரித்தாள். உங்கள் வீட்டுக்காரர் சாலமன் சார் மட்டும் சிரிக்கவில்லை. ஒன்றும் பேசாமல் தன்னுடையதை எடுத்து அவர் டீயில் தொட்டுத் தின்றார். அந்த மனுஷருக்காகத்தான் மறுநாள் நான் கல்யாணத்தில் சிரித்த முகமாக நின்றேன்.

செய்முறையை மட்டும் எழுதினால் போதும். எழுதாவிட்டாலும் நான் மைதாவை விடுவதாக இல்லை.

இப்படிக்கு,
எல்லம்மா


சேலையூர்,
வெள்ளிக்கிழமை

சம்பந்தியம்மா அவர்களுக்கு எல்லம்மா மறுபடியும் எழுதுவது.

ஒன்பது நாள் கழித்து நேற்று உங்கள் கார்டு வந்தது. எப்படி இருக்கீங்க என்று ஒரு வார்த்தை இல்லை, என் மகளுக்கு என்ன உடம்பு என்று இல்லை. பிசையக் கூடாது, திருகக் கூடாது, ஊற வைக்கக் கூடாது என்று எல்லாம் கூடாது, கூடாது. எங்கள் ஊர் வெயிலில் வெண்ணெய் உருகிவிடும், மாவையும் தட்டையும்கூடப் பிரிட்ஜில் வைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வெயிலைக் குறை சொல்லாமல் உங்களால் ஒரு கார்டு எழுத முடியாது. அதுவும் நிஜம்தான், இருக்கட்டும்.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். விடிந்ததும், சமையல்கட்டில் வெயில் ஏறுவதற்கு முன்னால். வெண்ணெயை விரல் நுனியால் ரவை மாதிரி உதிர்த்தேன். பாலில் எலுமிச்சை பிழிந்து ஊற்றி, சேர்ந்தும் சேராமலும் இருக்கும்போதே கையை எடுத்துவிட்டேன். அதுதான் ரொம்ப சிரமம். என் கை அதுவாகவே பிசையப் போகிறது, நான் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது. டம்ளரை நேராக இறக்கி நேராகத் தூக்கினேன். தள்ளித் தள்ளி வைத்தால் பக்கத்தில் சரிந்துவிடும், ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நின்றால்தான் மேலே எழும்பும் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியே நெருக்கி வைத்தேன். ஆரஞ்சுத் தோலைத் துருவிப் போடச் சொன்னீர்கள், போட்டேன்.

எழும்பி வந்தது சம்பந்தியம்மா. நடுவில் வெடித்து, மேலே பொன்னிறமாக, தொட்டால் மெத்தென்று. நான் ஏர் பிரையரைப் பார்த்துத் தலையாட்டினேன்.

ஜோசலின் ஒன்றை எடுத்துக் கையாலேயே இரண்டாகப் பிட்டாள். மூக்குக்கிட்டே கொண்டு போனாள். யார் சொல்லிக் கொடுத்தாங்க அத்தை என்றாள். போனில் பார்த்தேன் என்றேன். போனில் யாரும் ஆரஞ்சுத் தோல் போட மாட்டாங்க என்றாள். நான் பாத்திரம் விளக்கப் போய்விட்டேன். ஒன்று முழுதும் தின்றாள், இன்னொன்றில் பாதி தின்றாள். வாந்தி வரவில்லை. மீதிப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டாள். எழுந்தபோது தலையணை உறை ஈரமாக இருந்தது. வேர்வை என்றாள். தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இப்போது நான் எழுதப் போவதை ஜோசலின் என்னைச் சொல்ல விடவில்லை. என் கையைத் தன் தலைமேல் வைத்து, உங்க வாயால எங்க அம்மாகிட்ட சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். நான் வாயால் சொல்லவில்லை. உட்கார்ந்து படியுங்கள்.

போன ஐப்பசியில் சாலமன் சார் தவறினாரே, அன்றைக்கு உங்கள் மகள் ஆபீசில் இல்லை. தாம்பரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாள். அஞ்சாம் மாசம். குழந்தை அதற்கு முந்தின நாள்தான் தவறியது. உங்களுக்கு மாசமாக இருப்பதையே அவள் இன்னும் சொல்லவில்லை. வளைகாப்புக்கு முன்னால் நேரில் வந்து சொல்லி அசத்த வேண்டும் என்று வைத்திருந்தாள். அப்பா போன செய்தி வந்ததும் டிரிப்ஸைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தாள். துரையும் நர்சும் பிடித்துக்கொண்டார்கள். ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது, மலை ஏறினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள்.

அம்மா புருஷனைப் பறிகொடுத்துட்டு நிக்கிறாங்க, இதையும் அவங்க தலையில ஏத்தாதீங்க, லீவு கிடைக்கலேன்னு சொல்லிடுங்க என்று அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். துரையை அவள் பக்கத்தில் விட்டுவிட்டு நான் ஒருத்தியாக மேட்டுப்பாளையம் வரைக்கும் ரயிலிலும், அப்புறம் அந்த மழையில் பஸ்ஸிலும் வந்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, உங்கள் சர்ச் ஐயர் முன்னால், அப்பாவைவிட ஆபீஸ் பெரிசாப் போச்சா உங்க மருமகளுக்கு என்று கேட்டீர்கள். எங்க மகள் என்று சொல்லவில்லை, உங்க மருமகள் என்றீர்கள். எவ்வளவு கெட்ட வார்த்தை எனக்குத் தெரியும் என்று உங்களுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் முழுங்கிக்கொண்டு நின்றேன். வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்தார்கள், என்னிடம் யாரும் நீட்டவில்லை. அதுவும் ஞாபகம் இருக்கிறது.

இப்போது மறுபடியும் அஞ்சாம் மாசம். கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருக்கிறார்கள். பாத்ரூமுக்குத் தவிர எழுந்திருக்கக் கூடாது. குழந்தை நன்றாக இருக்கிறது என்று ஸ்கேனில் சொன்னார்கள். ஆனால் அவள் நம்பவில்லை. ஒரு பக்கமாகவே படுத்துக்கொண்டு, மூச்சை இழுத்து விடவே பயப்படுகிறாள். சாப்பிட முடியாதது வாந்தியால் மட்டும் இல்லை, பயத்தால். நான் பக்கத்திலேயே இருக்கிறேன், துரை லீவு போட்டு இருக்கிறான். எங்களைப் பார்த்தால் சிரிக்கிறாள். நாங்கள் பயப்படக் கூடாது என்று சிரிக்கிறாள். யார் முன்னால் சிரிக்காமல் இருக்கலாமோ அந்த ஆள் இங்கே இல்லை.

நான் மாமியார். எவ்வளவு செய்தாலும் ஸ்கோன் வரைக்கும்தான் என்னால் வர முடிகிறது.

ராத்திரி வண்டி ஏறினால் காலையில் சென்ட்ரலில் துரை வந்து நிற்பான். நாயைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள், அல்லது கூடவே கூட்டி வாருங்கள், மாமி கத்தட்டும். முட்டி வலிக்கு எங்கள் மாடியில் லிப்ட் இருக்கிறது. என் கட்டிலை உங்களுக்கு விடுகிறேன், ஜோசலின் கைக்கு எட்டுகிற தூரத்தில் போட்டிருக்கிறது. நான் ஹாலில் படுத்துக்கொள்வேன். நீங்கள் கேட்டதையும் நான் நின்றதையும் நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். குழந்தை பிறக்கட்டும், புண்ணியாகவாசனமோ ஞானஸ்நானமோ எது முதலில் என்பதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றுக்கும் சேர்த்து உட்கார்ந்து சண்டை போடலாம். எனக்கும் ஆள் வேண்டும்.

நான் எழுதியது அவளுக்குத் தெரிய வேண்டாம். நீங்களாக வந்த மாதிரி வாருங்கள். நீங்கள் வருகிற அன்றைக்கு ஸ்கோன் செய்து வைப்பேன், மாவும் தட்டும் முதல் நாளே பிரிட்ஜில் ஏறிவிடும். நான் என்னுடையதை டீயில் தொட்டுத்தான் தின்பேன். சாலமன் சார் இருந்தால் அவரும் தொட்டிருப்பார். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் உங்கள் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

உங்கள் கர்த்தரும் எங்கள் அம்மனும் உங்களை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அத்தை,
எல்லம்மா