அன்றைக்கு அந்த ஆஸ்டின் ஓடியது

அன்புள்ள அப்பா,

‘அன்புள்ள’ என்பதை அடித்துவிட்டு எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை. நீங்கள் போய் ஆறு வருஷம் ஆகிறது. உங்கள் மேல் வந்த கோபத்தைக்கூட உங்களிடமே சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

அம்மா என்னோடு டெல்லி துவாரகாவில் இருக்கிறாள். முழங்கால் வலி, தாழ்வான சோபாவிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. கை வைத்த உயரமான நாற்காலி ஒன்று தேடி, போன மாதம் அமர் காலனிக்குப் போனேன். அங்கே ஒரு சர்தார்ஜியின் பழம்பொருள் கடையில், நாற்காலிக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த சட்டம் போட்ட போட்டோவில் நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள்.

காக்கிச் சட்டை, பையில் ஸ்பானர், பக்கத்தில் உங்கள் கறுப்பு ஆஸ்டின் கார். வண்டி ஒரு பணக்கார பங்களாக்காரருடையதுதான். ஆனால் அரசாங்க ஒர்க்‌ஷாப்பில் ஆறு நாள் ஜீப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த பங்களா ஷெட்டுக்குப் போய் அதற்கு உயிர் கொடுத்தவர் நீங்கள். அதனால் நம் வீட்டில் அது எப்போதும் உங்கள் ஆஸ்டின்.

முன்சீட்டில் ஒரு சிறுமி. மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட பட்டுப் பாவாடை. அந்தப் பாவாடை என்னுடையது அப்பா. உடுத்தியிருந்தவள் நம் மோதி பாக் குவார்ட்டர்ஸில் மாடி வீட்டுக் கல்பனா.

கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி டைப் அடித்து ஒட்டியிருந்தது: மத்ராஸி மெக்கானிக்கும் அவர் மகளும்.

டெல்லியில் வருஷா வருஷம் நடக்கும் பழைய கார் ஊர்வலத்தில் ஒரு வழக்கம் உண்டு என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். வண்டி எந்தக் காலத்ததோ, ஏறுகிறவர்களும் அந்தக் காலத்து உடையில் ஏற வேண்டும். உடைக்கும் வண்டியின் தோற்றத்துக்கும் சேர்த்துத்தான் மார்க். மற்றவர்கள் கவுனும் தொப்பியுமாக வருவார்கள், நாம் நம் ஊர் மாதிரிப் போவோம் என்று மதுரையிலிருந்து அந்தப் பாவாடையை வரவழைத்தீர்கள். எனக்கு ஒன்பது வயது. முந்தின வாரம் என்னை பங்களாவுக்குக் கூட்டிப்போனீர்கள். பங்களாக்கார அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு பிஸ்கட் கொடுத்து அனுப்பினார்.

ஊர்வலத்தன்று காலையில், கசங்காமல் அங்கேயே உடுத்திக்கொள்ளலாம் என்று பாவாடையைப் பையில் போட்டுக்கொண்டு முன்னால் போனீர்கள். பிறகு வந்து என்னை அழைத்துப் போவதாகப் பேச்சு. நான் தலை பின்னி, ரிப்பன் கட்டி, குவார்ட்டர்ஸ் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். மத்தியானம்தான் வந்தீர்கள்.

“வண்டி ஸ்டார்ட் ஆகல தாயி. கார்புரேட்டர் மோசம் பண்ணிருச்சு.”

உங்கள் கண் சிவந்திருந்தது. நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, அடுத்த வருஷம் ஓடும்ப்பா என்று தேற்றினேன். இப்போது நினைத்தால் வயிறு எரிவது அதற்குத்தான். ஏமாந்தவளே ஏமாற்றியவருக்குத் தண்ணீர் கொடுத்து ஆறுதல் சொல்லியிருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். நீங்கள் முழு ஆஸ்டினையே மறைத்துவிட்டீர்களே!

சர்தார்ஜி கதை கதையாகச் சொன்னார். பங்களாவை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். வீட்டுச் சாமான்கள் இவரிடம் வந்தன, கார் ஜெய்ப்பூருக்குப் போயிற்று. அன்றைய ஊர்வலத்தில் முதல் பரிசு அந்த ஆஸ்டினுக்குத்தானாம். இந்தக் குளிர்காலத்தில் பழைய கார்ப் படங்களை ஒரு கண்காட்சிக்குக் கொடுக்கப் போகிறாராம். எல்லார் பெயரும் கிடைத்துவிட்டது, அந்த ‘மத்ராஸி மிஸ்திரி’ பெயர்தான் யாருக்கும் தெரியவில்லை என்றார். விசாரித்துச் சொல்கிறேன் என்று இந்தியில் சொல்லிவிட்டு வந்தேன். என் அப்பா என்று சொல்ல நாக்கு எழவில்லை.

கல்பனா மயூர் விஹாரில் இருக்கிறாள். பழைய வகுப்புத் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் பிடித்து, நேரிலேயே போனேன். போட்டோவை போனில் காட்டியதும் அழத் தொடங்கிவிட்டாள்.

“உன்னைப் பாத்துட்டு அந்தம்மா, போட்டோ எடுப்பாங்க, குழந்தை கலரா இருக்கணும்னு சொல்லிட்டாங்களாம்டி. உங்கப்பா எங்க வீட்ல வந்து என்னைக் கேட்டாரு. வண்டியில ஏத்திவிடறப்ப, ‘யாராச்சும் கேட்டா எம் பொண்ணுன்னு சொல்லு’ன்னாரு.”

அவளிடம் எனக்குக் கோபம் இல்லை. அவளும் ஒன்பது வயதுக் குழந்தைதான். என்னிடம் சொல்லக்கூடாது என்று நீங்கள் சத்தியம் வாங்கியதாகச் சொன்னாள். அதைக் காப்பாற்றவும் செய்திருக்கிறாள்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். உங்களுக்கு ஏன் அப்பா அது இல்லாமல் போயிற்று? அந்தம்மா சொன்னபோது நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? ஒன்றுமே சொல்லவில்லையா? என் நிறத்தைப் பற்றி நான் கேட்டு மனம் ஒடியக்கூடாது என்றுதான் பொய் சொன்னீர்கள் என்று உங்களுக்காக நானே வாதாடிப் பார்த்தேன். அப்படியானால் நீங்களும் போகாமல் இருந்திருக்கலாமே. பாவாடையை வீட்டில் விட்டுவிட்டாவது போயிருக்கலாமே. ஊரார் முன்னால் இன்னொருத்தியை மகள் என்று சொல்ல எப்படி மனம் வந்தது?

அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை. தனக்கும் தெரியும் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். அப்புறம் அவளோடு எப்படி ஒரே வீட்டில் இருப்பேன்?

நேற்று சர்தார்ஜி போன் செய்து அந்தப் பெயரை மறுபடி கேட்டார். இன்று பதில் எழுதி அனுப்பிவிட்டேன். உங்கள் பெயரை முழுசாகக் கொடுத்திருக்கிறேன்: விருதுநகர் சங்கரபாண்டியன், இந்த ஆஸ்டினை ஓட வைத்தவர். அந்தப் பெருமை உங்களுடையது, அதைக் குறைக்க எனக்கு மனமில்லை. அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுதியிருக்கிறேன்: காரில் இருப்பது மாடி வீட்டுக் குழந்தை கல்பனா. சங்கரபாண்டியனுக்கு ஒரே மகள், அவள் இந்தப் படத்தில் இல்லை.

கண்காட்சி திறக்கும் அன்று கட்டாயம் போவேன். பவுடர்கூடப் போடாமல், இதே நிறத்தோடு, உங்களுக்குப் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்வேன். யாராவது யார் நீ என்று கேட்டால் உரக்கச் சொல்வேன். இது சத்தியம் அப்பா.

இப்படிக்கு,
உங்கள் ஒரே மகள்,
மீனா