வீடு சேராத எண்

நாகல் நகர், திண்டுக்கல்
19.8.1958

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் அமலராணி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் சுகம். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா?

இங்கே ஒரு வேடிக்கை. வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு கொடுத்தேன். ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும், அதைவிடச் சிறிய எண்களையெல்லாம் கூட்ட வேண்டும். வந்த விடையையும் அப்படியே செய்ய வேண்டும். பத்துக்கு ஒன்று, இரண்டு, ஐந்து; கூட்டினால் பத்து எட்டாகும், எட்டு ஏழாகும், ஏழு ஒன்றாகி நின்றுவிடும். ஒன்று வந்ததும் "வீடு வந்தாச்சு டீச்சர்!" என்று கத்துவார்கள். அவரவர் அட்மிஷன் நம்பரில் தொடங்கி எல்லோரும் வீடு சேர்ந்தார்கள், ஆத்தூர் ஒச்சம்மாளைத் தவிர. அவள் நம்பர் 276. அது 396 ஆகி, 696 ஆகி, வளர்ந்துகொண்டே போனது. புதன்கிழமை மணி அடித்தபோது கரும்பலகையில் 1,17,38,916 என்று எழுதியிருந்தாள்.

"இது வீட்டுக்கே வராது போல டீச்சர்" என்று சிரித்தாள்.

மறுநாள் அவள் அம்மா வந்து நின்றார். "பள்ளிக்கூடம் போன பிள்ளை இன்னும் வீடு வந்து சேரல டீச்சர்."

தேடுகிறார்கள், கிடைத்துவிடுவாள். நீங்கள் கவலைப்பட வேண்டாம். அந்த எண்ணை அழிக்க மட்டும் ஒருத்தியும் வரவில்லை. நானும் அழிக்கவில்லை.

தொலைந்தாலும் வீடு வந்து சேரட்டும் என்று என் டிரங்குப் பெட்டியில் நம் வீட்டு நம்பர் 306-ஐ எழுதி அனுப்பினீர்களே. நேற்று சும்மா அதைப் போட்டுப் பார்த்தேன். முதல் கூட்டலிலேயே ஒச்சம்மாளுக்கு வந்த அதே 396 வந்தது.

லீவுக்கு என்னைக் கூட்டிப்போக நீங்களே வாருங்கள். வரும்போது பெட்டி மேல் பூச ஒரு சின்ன டப்பா கறுப்புப் பெயின்ட் வாங்கி வாருங்கள்.

அவசரத்தில்,
அமலராணி