கிளிப்புக்கு அடியில் இருந்த பச்சை

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

நாத்தனார் எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போடத் தோன்றும். அதனால்தான் தபாலில் போடாமல் அண்ணனிடமே கொடுத்து அனுப்புகிறேன். "அவங்க படிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நில்லு"ன்னு சொல்லியிருக்கிறேன். பாவம், அவனுக்கு முழங்கால் வலி. சீக்கிரம் படித்துவிடுங்கள்.

நாம் பேசி முப்பத்து நான்கு வருஷம் ஆகிறது. காரணம் நாற்பத்திரண்டு என்ஜின்கள். கார் தொழிற்சாலையில் நீங்கள் பெயிண்ட் கலக்கும் அறையில் இருந்தீர்கள், நான் தரம் பார்க்கும் மேஜையில். நீங்கள் கலந்த பச்சையைப் பூசிக்கொண்டு வந்த நாற்பத்திரண்டு என்ஜின்களுக்கும் பக்கத்தில், சரியான நிறம் இதுதான் என்று தொழிற்சாலை கொடுத்திருந்த என் மாதிரி நிற அட்டையைப் பிடித்துப் பார்த்து, "கலர் தப்பு" என்று கையெழுத்துப் போட்டேன். ஒரே வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் கூட வந்த அண்ணி என்று பார்க்கவில்லை. அதை நேர்மை என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். அன்று சாயங்காலத்துக்குள் உங்களை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

அண்ணி, உங்கள் பச்சைதான் சரி.

நான் இப்போது பழைய கார்களைப் புதுப்பிக்கும் ஒரு பட்டறையில் இருக்கிறேன். போன வாரம் ஒரு பல் டாக்டர் நம் தொழிற்சாலைக் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். 24ஆம் தேதி கண்காட்சியில் வைக்கப் போகிறார். என்ஜினுக்குத் தொழிற்சாலையில் அடித்த அதே நிறம் இருந்தால்தான் நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் கிரீஸைத் துடைத்தேன். மேலே இருந்த வெளிர்ப் பூச்சு சருகு மாதிரி உரிந்து வந்தது. அதற்குக் கீழே உங்கள் பச்சை! என்ஜினில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்தேன். நான் இன்னும் மறக்காத அந்த நாற்பத்திரண்டில் ஒன்று. சுரண்டி எடுக்கச் சொன்ன பெயிண்டைச் சுரண்டாமல், மேலேயே வேறு பூசி அனுப்பியிருக்கிறார்கள்.

முற்றின இலையின் பச்சை அண்ணி. இத்தனை வருஷச் சூட்டையும் எண்ணெயையும் குடித்துவிட்டு, நேற்று அடித்ததுபோல இருந்தது. துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. இது எவ்வளவு தப்பு என்று பார்க்கத்தான் வீட்டில் பத்திரமாக வைத்திருந்த என் பழைய அட்டையை எடுத்தேன். அதன் இரும்புக் கிளிப் துருப்பிடித்துக் கையோடு வந்துவிட்டது. கிளிப் மறைத்திருந்த இடத்தில் ஒரு விரல் அகலத்துக்கு அதே பச்சை. ஒரு மயிரிழைகூட வித்தியாசமில்லை.

அந்த அட்டை என் மேஜைக்குப் பக்கத்து ஜன்னலில்தானே தொங்கும். வெயில் அதிலிருந்த மஞ்சளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது. உங்களுக்கு முன்னால் இருந்தவர் அட்டையைப் பார்த்தே கலப்பார். அட்டை வெளுக்க வெளுக்க என்ஜினும் வெளுத்தது, யாருக்கும் தெரியவில்லை. நீங்கள்தான் வந்த முதல் வாரமே கலவை அளவுச் சீட்டில் எழுதியிருந்தபடி எடைபோட்டுக் கலந்தீர்கள்.

என்னை மன்னித்துவிடுங்கள். வேறென்ன எழுதுவது என்று தெரியவில்லை.

உங்கள்
நாத்தனார்


மார்ச் 8

நாத்தனாருக்கு,

உன் அண்ணன் பக்கத்தில் நிற்கவில்லை. கடிதத்தை நீட்டிவிட்டு, துணி காயப்போடுவதாகச் சொல்லி மாடிக்கு ஓடிவிட்டார். வீட்டில் அன்றைக்கு ஈரத்துணியே கிடையாது.

படித்தேன். சீட்டில் உள்ளபடிதான் கலந்தேன் என்று தொண்டை கிழியக் கத்தினேனே, ஞாபகம் இருக்கிறதா? நீ என்ன சொன்னாய்? "அட்டை பொய் சொல்லாது அண்ணி." ஷிஃப்ட் மாறும் நேரம். எழுபது பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எழுபது பேர் முன்னால் தப்பு என்று சொன்னவள், இப்போது உறைக்குள் வைத்து ஒட்டி எனக்கு மட்டும் சரி என்று சொல்கிறாய். நல்லா இருக்குடி உன் நியாயம். சொல்வதானால் நாலு பேர் முன்னால் சொல். சொன்ன பிறகு எழுது.

அண்ணி


மார்ச் 13

அன்புள்ள அண்ணிக்கு,

போன கடிதத்தில் ஒன்றை மறைத்துவிட்டேன். தொழிற்சாலையை மூடிய பிறகு, பழைய கார் சங்கத்தார் எந்தக் காருக்கு எந்த என்ஜின் நிறம் என்று ஒரு புத்தகம் போட்டார்கள். நம் காரின் நிறத்துக்கு என் அட்டையைத்தான் வாங்கி அளவெடுத்தார்கள். அந்த வெளுத்துப்போன நிறத்தில்தான் இன்றைக்குக் கடையில் பெயிண்ட் டப்பா கிடைக்கிறது. எத்தனையோ பேர் நல்ல பச்சையைச் சுரண்டிவிட்டு அதை அடித்துவிட்டார்கள். சந்தேகம் வந்தால் நடுவர்களே என்னிடம்தான் கேட்பார்கள். "அந்த அம்மா சொன்னால் சரியாக இருக்கும்" என்று என்னைச் சொல்வார்கள்.

இப்போது போய் எல்லாமே தப்பு என்று எப்படிச் சொல்வேன்? நாலு பேர் என்ன, கண்காட்சி மண்டபம் முழுக்க ஆட்கள் இருப்பார்கள். பல் டாக்டரிடம் மட்டும் சொன்னால் போதாதா? எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணி.

நாத்தனார்


மார்ச் 25

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் பதில் போடவில்லை. அதுவே பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் பல் டாக்டரிடம் சொன்னேன். அட்டையில் கிளிப் இருந்த இடத்தையும் என்ஜினையும் விளக்கடியில் மாற்றி மாற்றிப் பார்த்தார். "காலம் பூரா வாய்க்குள்ளயே பாத்துக்கிட்டிருந்துட்டேன்மா. இப்படி ஒரு அதிசயத்தைப் பாத்ததே இல்ல. மார்க் போனா போகுது, இதுல கை வைக்காதீங்க" என்றார். பத்து நாள் மரக்குச்சியும் பஞ்சும் வைத்து மேல்பூச்சை மட்டும் உரித்து எடுத்தேன். என்ஜினின் எண்ணெய் வடிகட்டிக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் போயிருந்தது. அதற்கு மட்டும் நானே கலந்து பூசினேன்.

நேற்று நடுவர்கள் புத்தகத்தை விரித்துப் பார்த்துவிட்டு என்ஜின் நிறத்துக்குப் பூஜ்யம் போட்டார்கள். "நீங்களே இருந்தும் இப்படியாம்மா?" என்று என்னையே கேட்டார்கள். மைக்கைக் கொடுங்கள் என்றேன்.

"இது எங்க அண்ணி கலந்த பச்சை. இதான் சரியான பச்சை. இதைத் தப்புன்னு சொல்லி அவங்க வேலையைப் போக்கினது நான். புஸ்தகத்துல இருக்கறது என் தப்பு" என்று சொல்லி, அட்டையைத் தூக்கிக் காட்டினேன். "அப்போ என் என்ஜினை என்ன பண்றது?" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். இன்னொருவர் வந்து குனிந்து பார்த்தார். அவர் நகரவே இல்லை. பிறகு வரிசை கட்டிவிட்டார்கள் அண்ணி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு நடுவரும் வரிசையில் நின்றார். கோயிலில் பேசுவதுபோலக் கிசுகிசுவென்று பேசிக்கொண்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பூஜ்யம் பூஜ்யம்தான். புத்தகத்தை மாற்றுவதைப் பற்றி யோசிக்கிறார்களாம். நீங்கள் சொன்னதைச் செய்துவிட்டேன். இனி உங்கள் இஷ்டம்.

நாத்தனார்


மார்ச் 29

நாத்தனாருக்கு,

நீ எழுதித் தெரிய வேண்டியதில்லை. நான் வந்திருந்தேன்.

உன் அண்ணனிடம் உடம்பு சரியில்லாத சிநேகிதியைப் பார்க்கப் போகிறேன் என்று புளுகிவிட்டு, பஸ் ஏறி வந்து தூணோரம் நின்றேன். நீ பேசியது கடைசி வரை கேட்டது. நானும் வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது நீ அந்த டாக்டரின் கைக்குட்டையை வாங்கி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாய்.

குனிந்து பார்த்தேன். அம்மாடி! என்ன பச்சை அது! நானா கலந்தேன் என்று இருந்தது. பின்னால் நின்றவர் "கொஞ்சம் நகருங்கம்மா" என்று சொல்லும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இத்தனை வருஷமும் உன்மேல் கோபமாக இருந்தேன் என்றுதானே நினைத்தாய்? கோபம் ஒரு பத்து வருஷம்தான் தாங்கியது. அதற்கப்புறம் நீ சொன்னதுதான் சரி, எடையையே தப்பாகப் பார்த்திருப்பேன், என் கண்தான் கோளாறு என்று நானே நம்பிவிட்டேன். உன்னைப் பார்த்தால் அது உறுதியாகிவிடுமே என்றுதான் வரவில்லை. தையல் தொழிலுக்குப் போனேன். துணியின் நிறத்துக்கு ஏற்ற நூலை எடுக்கக்கூட எனக்குத் தைரியம் கிடையாது. கடைக்காரரிடம் துணியை நீட்டி, "நீங்களே பாத்துக் குடுங்க" என்பேன். எனக்குப் பார்வை குறைவு என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்த வருஷங்களை நீ எப்படித் திருப்பித் தருவாய்? தர முடியாது. அது உனக்கும் தெரியும்.

வடிகட்டிக்குப் பக்கத்தில் நீ பூசின இடம் படு கேவலம். கறுப்பு ஒரு சொட்டுக் கூடிவிட்டது. இத்தனை பேர் பார்த்தார்களே, ஒருவராவது சொன்னார்களா? எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. தெரிகிறதே என்று இன்னொரு தரமும் பார்த்தேன்; அப்போதும் தெரிந்தது. வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். நான் வரும்வரை அதைத் தொடாதே. சமாதானம் பேசுவதையெல்லாம் வேலை முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

நேற்று ஒரு சட்டைத் துணியோடு நூல் கடைக்குப் போனேன். கடைக்காரர் வழக்கம்போலத் துணியை வாங்கக் கை நீட்டினார். "இருங்க, நானே எடுத்துக்கறேன்" என்றேன்.

அண்ணி